முதல் கட்டத்தின் மேலே ஒரு C

"அக்டோபர் 14, செவ்வாய். மெட்டை G சுருதியில் எழுதிவிட்டு, மேலே அதற்குத் துணையாக ஒலிக்கும் கோர்டுகளை C-யில் போட்டுவிட்டேன்." நாட்குறிப்பில் லோஜினியின் பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. இல்ஃபோர்டின் மாலை வகுப்பறையில் குழல்விளக்கு இரைகிறது, சன்னலில் மழை வழிகிறது. சின்ன வயதிலிருந்து சனிக்கிழமைப் பாட்டு வகுப்பில் எந்தச் சுருதியிலும் அடிச்சுரத்தை 'ஸ' என்றே பாடியவள் அவள். வீட்டுக் கீபோர்டில் அந்த 'ஸ' எப்போதும் C. அந்தப் பழக்கத்தில் கை கோர்டுகளையும் C-யிலேயே எழுதிவிட்டது. நாளை மாலை மண்டபத்தில் வாசிக்கப்போகும் அந்தத் தாள் இப்போது ஒத்திகைக்கு வந்த எல்லோர் முன்னாலும் இருக்கிறது. முதல் சுரம் C-யோடும் ஒத்துப்போகும். மெட்டின் அடுத்த கட்டத்தில்தான் சுரங்கள் மோதிப் பல் கூசும். கீபோர்டில் அமர்ந்திருக்கும் வகுப்புத் தோழன் ஜதுசன் வாசிக்க விரல்களை விரித்தபடி அவளைப் பார்க்கிறான்.

"என்னடி, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறாய்? உன்ர பாட்டுத்தானே!"

சொன்னால், தான் எழுதியதை இனி யார் நம்புவார்கள்? வாயைத் திறக்காவிட்டால் நாளை எல்லோருக்கும் மானம் போகும்.

"வாசிக்காத, ஜதுசன். கோர்டு முழுக்கப் பிழை. நான்தான் பிழையா எழுதிட்டன்."

எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. ஜதுசனின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே அப்படியே நிற்கின்றன. அவள் குனிந்து நாட்குறிப்பில் எழுதுகிறாள்: "நாளை: நிகழ்ச்சிக்கு முன் எல்லாத் தாள்களிலும் கோர்டுகளை G-க்கு மாற்றி எழுத வேண்டும். முதலில் நானே வாசித்துப் பார்க்க வேண்டும்."