தாளம் தப்பாத அடி

அவள் தலை அலமாரிக் கதவில் மோதிய சத்தம் இயர்போனில் மத்தளமாக வந்தது.

டம். டம். டம். ஓர் அடிகூடத் தாளம் தப்பவில்லை.

இயர்போனின் ஒரு முனை அவள் காதில் இருந்தது, மறுமுனை அண்ணியின் வலது காதில். அண்ணிக்கு இடது காது மந்தம். ‘பாதிச் செவிடு’ என்று அண்ணன் நாலு பேர் நடுவில் கிண்டல் செய்வான்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. கூடத்தில், அவளைப் பார்க்க வந்திருந்த அண்ணனும் அவள் கணவனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் என்ன மாப்ள பண்றது? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி” என்று அண்ணன் சிரிப்பது இங்கே வரை கேட்டது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிச்சம் இருப்பது அண்ணன் வீடு ஒன்றுதான். புருஷன் அடிக்கிறார் என்று அண்ணனிடம் போனில் அழுதபோது, வாய் வார்த்தையை நம்பி வம்புக்குப் போக முடியாது, ஆதாரம் இருந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தான். கட்டிலுக்கு அடியில் பை கட்டித் தயாராக இருந்தது. முதலில் அண்ணி கேட்கட்டும், அண்ணி வழியாக அண்ணனுக்குப் போகட்டும் என்று நினைத்துத்தான் அறைக்குள் அழைத்து வந்தாள்.

ஆதாரம் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பதிவானது.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று கணவன் வந்தான். முடியைக் கொத்தாகப் பிடித்து அலமாரியில் மோதினான். பிறகு அவள் விரல்களை இழுப்பறைக்குள் திணித்து, முழங்காலால் இடித்துச் சாத்தினான். திரையில் சிவப்புப் பொட்டு மினுங்கிக்கொண்டேதான் இருந்தது. மைக் என்றால் பாட்டை மட்டும்தான் கேட்கும் என்று அந்த முட்டாளுக்கு நினைப்பு.

கடைசியில் அந்த முட்டாளின் நினைப்புதான் சரியாகப் போயிற்று.

அன்று சேமித்ததோடு சரி, அவள் அதைப் போட்டுக் கேட்கவில்லை. கேட்பதும் இன்னொரு தடவை அடி வாங்குவதும் ஒன்றுதான்.

அந்த மென்பொருளைச் சொன்னதே அண்ணிதான். “புதுசா கத்துக்கிறவங்களுக்கு ரொம்ப சுலபம், போட்டுப் பாரு” என்றாள் ஒருநாள் போனில். அண்ணிக்கும் பாட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பெற்ற பிள்ளைக்கே தாலாட்டுப் பாடாதவளுக்கு இது எதற்கு என்று அவள் அப்போது சிரித்துவிட்டாள்.

நிஜமாகவே சுலபம்தான். சிவப்புப் பட்டனை அமுக்கினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். மின்விசிறி இரைச்சலையும் தெருச் சத்தத்தையும் துடைத்துவிடும். பிசிறடிக்கும் குரலைப் பிடித்துப் பக்கத்துச் சுரத்தில் உட்கார வைக்கும். தாளம் முந்தினாலும் பிந்தினாலும் இழுத்துச் சேர்க்கும். போதாக்குறைக்குப் பெரிய மண்டபத்தில் பாடுவது போல எதிரொலியும் கூட்டிக் கொடுக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அது தன் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

அவன் கத்திய கெட்ட வார்த்தைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவற்றை இரைச்சல் கணக்கில் சேர்த்துத் துடைத்திருந்தது. ‘வேண்டாங்க, வேண்டாங்க’ என்று அவள் கெஞ்சியது பல்லவி போல அழகாகத் திரும்பத் திரும்ப வந்தது. விரல் நசுங்கியபோது அவள் போட்ட அலறல் உச்சஸ்தாயியில் ஏறி, துளி நடுக்கம் இல்லாமல் நின்று, மண்டபம் முழுக்கப் பரவி, மெல்ல அடங்கியது.

கேட்டால் யாருக்கும் கைதட்டத் தோன்றும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. கையில் கட்டு இருக்கிறது, ஆனால் அவளே இழுப்பறையில் நசுக்கிக்கொண்டாள் என்று அண்ணன் வந்ததுமே கணவன் வாசலிலேயே சொல்லி முடித்துவிட்டான்.

“அண்ணி, இது பாட்டு இல்ல அண்ணி. சத்தியமா இல்ல” என்றாள்.

அண்ணி சிரிக்கவில்லை. பின்னே என்ன என்றும் கேட்கவில்லை. இருட்டில் தன் வீட்டு ஸ்விட்சுக்குக் கை போவது போல அண்ணியின் விரல் நேராக லேப்டாப் திரையின் கீழ் மூலைக்குப் போயிற்று.

“இங்க சின்னதா ‘அசல்’னு இருக்கு பாரு, அதை அமுக்கணும். மொத தடவை எனக்கும் இப்படிப் பாட்டாத்தான் வந்துச்சு.”

பாடவே தெரியாத உங்களுக்கு என்ன பாட்டு என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. அவள் பார்வை அண்ணியின் இடது காதில் போய் நின்றது.

அண்ணி பட்டனை அமுக்கினாள்.

இப்போது தாளமும் இல்லை, மண்டபமும் இல்லை. மரத்தில் மண்டை மோதியது. அவன் அவளையும் அவளைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டினான். இழுப்பறை மூடியது. அவள் அலறத் தொடங்கினாள்.

அறைக் கதவு திறந்தது. அண்ணன் நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் அவள் கணவன்.

“ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க?” என்றான் அண்ணன்.

மேசைக்கு அடியில் அண்ணியின் நகங்கள் அவள் மணிக்கட்டில் பதிந்தன. முகம் மட்டும் மலர்ந்து சிரித்தது.

“பாட்டு கேக்குறோங்க” என்றாள் அண்ணி. “நல்லா பாடியிருக்கா.”

இயர்போனில் அலறல் இன்னும் முடியவில்லை.