நாலு பத்து

முன்னாள் போராளிகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்கும் செயலியை வடிவமைத்த நிலோஜினிக்கு அந்த வாரம் பெரும் தலையிடி. விசுவமடுவில் மாலைப் பாடம் படிக்கிற நாற்பத்து மூன்று பேரும் தினமும் சரியாக நாலு பத்துக்கு வாசிப்பை நிறுத்தினார்கள். செயலி அதைக் கவனக்குறைவு என்று பதிந்தது. இன்னும் இரண்டு தடவை பதிந்தால், பயிற்சி முடிவில் தரும் வேலைச் சான்றிதழ் ஒருவருக்கும் கிடையாது.

யாழ்ப்பாணத்து அலுவலகத்திலிருந்து, அவர்களில் ஒருத்தியான வதனாவை அழைத்தாள்.

"நாலு பத்துக்கு ஏனக்கா நிப்பாட்டுறீங்கள்?"

"ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுபோற ட்ரோன் அப்பத்தான் வரும், தங்கச்சி. முந்தி ஷெல் விழ முதல் தலைக்கு மேல சுத்தின வேவு விமானம், நாங்கள் வண்டு எண்டு சொல்லுறது, அதுவும் இப்பிடித்தான் இரையும். இது மருந்துதான் எண்டு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியேல்லையே."

ட்ரோனின் நேரத்தை மாற்ற நிலோஜினியால் முடியாது. செயலியை மாற்றினாள்.

மறுநாள் நாலு பத்துக்குப் பாடமே தானாக நின்றது. இரைச்சல் கடந்துபோனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. ஒருவர்மீதும் தவறு பதியவில்லை.

பாடம் முடிந்ததும் வதனாவிடமிருந்து செய்தி வந்தது.

"தங்கச்சி, நீங்களும் சண்டை நேரம் வன்னியிலயோ இருந்தனீங்கள்?"

"ஓமக்கா," என்று நிலோஜினி எழுதினாள். "பங்கருக்குள்ள. எனக்கு ஆறு வயசு."