சாமி லைன்

"ரெண்டு மணிக்கு ஆராயக்கா கெளம்பிருமுங்க. அதுக்குள்ள குடுத்துட்டீங்கன்னாப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லி, தேவிப்ரியா அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் நெட் கேபிள் செருக ஒரு துளை, மறுபக்கம் இரண்டு. இரண்டின் மேலும் தாளில் எழுதி, மேலே டேப் ஒட்டியிருந்தது. ஒன்றில் 'தறி'. இன்னொன்றில் 'சாமி'.

தறிப்பட்டறையில் ஒரு திரை இருக்கிறதாம். பொத்தானை அமுக்கினால் தறி தெரியும், மறுபடி அமுக்கினால் சாமி. முந்தாநாள் இடி இடித்ததிலிருந்து இரண்டுமே வரவில்லையாம்.

தனசேகர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். பள்ளிபாளையத்தில் சர்வீஸ் கடை போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்த ஊர்ப் பேச்சு பாதி பிடிபட்டிருந்தது. மீதிப் பாதியைத் தலையாட்டியே ஓட்டிக்கொண்டிருந்தான்.

தறிக்கு லைன் போட்டது சரி, நூல் அறுந்தால் திரை காட்டும். சாமி ரூமுக்கு எதற்குக் கேமரா? விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பார்க்கவா? நல்ல கூத்துதான் என்று நினைத்துக்கொண்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு மூடியைக் கழற்றினான்.

நடுவில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிப். வாய்க்காலில் மடை திருப்புவதுபோல, சிக்னலை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடுவதுதான் அதற்கு வேலை. தன் வழியாக என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது.

அது கருகிப்போயிருந்தது.

புது சிப் பெங்களூரிலிருந்து வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் சிப்பை எடுத்துவிட்டு, எட்டு மெல்லிய கம்பிகளால் நேராக இணைத்து ஓட்டலாம். ஆனால் ஏதாவது ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? ஆராயி என்கிற தறிக்காரி இரண்டு மணிக்குப் போய்விட்டால், இவள் ஒருத்தியே அத்தனை தறியையும் பார்க்க வேண்டும். பாவமாக இருந்தது. எட்டுக் கம்பியையும் தறிப் பக்கம் பற்றவைத்தான்.

வைத்த கையோடு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பெட்டியைத் துடைத்தான். 'சாமி'க்குப் பக்கத்தில் டேப்பின் மேல் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. அதையும் விடாமல் துடைத்து எடுத்தான்.

மணி ஒன்று பத்து.

"தறிக்குப் போட்டுட்டேங்க. சாமி நாலு நாள் பொறுத்துக்கும்" என்று நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கடைக்காரர் மனம் நோகக் கூடாதே என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"நூல் அறுந்தா நடந்து போயிப் பாத்துக்குவேனுங்க. சாமிக்கு எட்டு மாசந்தானுங்க ஆகுது. தறிச் சத்தத்துல அழுதாக் கேக்காதுங்களே."

தனசேகர் வழக்கம்போலத் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே விளங்கியது. தலை அப்படியே நின்றுவிட்டது.

அப்படியானால் ஆராயக்கா தறிக்காரி இல்லை. இந்நேரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இவள் எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சால்டரிங் அயர்னை மறுபடி சூடாக்கினான். எட்டுக் கம்பியையும் ஒவ்வொன்றாக எடுத்து, சாமிப் பக்கம் வைத்தான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சோதித்தான்.

ஒன்று நாற்பதுக்குப் பெட்டியைக் கொடுத்தான்.

தேவிப்ரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலால் தன் கண்ணோரத்து மையைத் தொட்டு, அவன் துடைத்த இடத்திலேயே ஒரு பொட்டு வைத்தாள்.