எண்ணெய்க் கிணற்றுக் காவல்

“என் மகனுக்கு இருட்டுன்னா பயம் கேப்டன். இன்னிக்கும் விளக்கை அணைச்சா தூங்கமாட்டான்” என்றாள் அர்னோபியா.

நோர்பெர்த்தோ சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் மகன் டூபர்னே கொலம்பிய ராணுவத்தில் இருந்தபோது வருடக்கணக்கில் காட்டுக்குள் கெரில்லாக்களைத் துரத்தியவன். அங்கே எந்த மரத்தில் விளக்கு எரிந்ததாம்?

ஓய்வு பெற்ற கேப்டனான நோர்பெர்த்தோ, பெரெய்ரா நகரில் ஒரு பில்லியர்ட்ஸ் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு முன்னாள் சிப்பாய்களைப் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை விமானம். டூபர்னேவின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும் என்று தாய்க்காரி வந்து உட்கார்ந்திருந்தாள். கூடவே மகளும் வந்திருந்தாள். கழுத்துத் துணியால் முகத்தை மூடியும் ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கித் தெரிந்தது. என்னவென்று கேட்டார். பல்வலி என்று அம்மாவே முந்திக்கொண்டு சொன்னாள்.

எல்லாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னார். இது போர் கிடையாது. பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு. நிழலில் நாற்காலி போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உள்ளூரில் வங்கி வாசலில் நிற்பதைவிடச் சுகம்.

போன வருடம் அதே கிணற்றைக் காக்கத்தான் தங்கள் தெருவைச் சேர்ந்த வில்மாரும் போனான் என்றாள் அர்னோபியா. அவன் பெண்டாட்டிக்கு அனுப்பிய வீடியோவில் கிணற்றைக் காணோம், நாற்காலியையும் காணோம். பதுங்குகுழியும், தலைக்கு மேலே ட்ரோன் இரைச்சலும்தான். அப்புறம் அவனே வந்தான், பெட்டியில், சாம்பலாக. இந்தக் கதையைச் சந்தையில் கடைகடையாகப் போய்ச் சொல்லட்டுமா என்று சாந்தமாகக் கேட்டாள்.

நோர்பெர்த்தோ எழுந்து போய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அங்க போனவங்க பிடிக்கலைன்னா நடுவுல திரும்பி வந்துரலாமா?” என்றாள் அவள்.

சந்தை பயத்தில் வாய் தவறி அவர் நிஜத்தைச் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு அசைய முடியாது.

அர்னோபியா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அது அவரை எங்கோ குத்தியது. அவருக்கும் ஓர் அம்மா இருந்தாள்தானே. பேனாவை எடுத்து டூபர்னேவின் பெயரை அழுத்தி அடித்தார். அடித்த கையோடு புலம்பவும் ஆரம்பித்தார். ஓர் ஆள் குறைந்தால் கம்பெனிக்காரன் தன் கழுத்தைப் பிடிப்பான், இனி எவனைத் தேடுவது என்றார்.

அதற்கு அவள் கவலைப்பட வேண்டாம் என்றாள். வெறுங்கையோடு வரவில்லை, பதிலுக்கு ஓர் ஆளைக் கூட்டி வந்திருக்கிறாள். அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். டாலர் சம்பளம் என்றதும் உடனே கிளம்பி வந்துவிட்டார். கீழே பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்.

நோர்பெர்த்தோ மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தார். மலை மாதிரி ஒருவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, பந்து தவறிய கோபத்தில் கோலை மேசையில் ஓங்கி அடித்தான். பின்னாலேயே வந்த மகள் அந்தச் சத்தத்துக்குச் சட்டென்று அம்மாவின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கினாள்.

நல்ல உடம்பு. கம்பெனிக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பெருமூச்சு இன்னும் அவரை விடவில்லை. இந்த மாடிக்கு வந்த நாளாகச் செய்யாத ஒன்றைச் செய்தார்.

“அம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். அங்க கிணறும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முன்வரிசையில நிறுத்திடுவாங்க. போனதுல பாதிப் பேர் திரும்பல. இவர் யாரு, தெரிஞ்சவரா? பாவம், ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

அர்னோபியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியாமலா கேப்டன், மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கேன்?”