சேவல் வால் கறை

டக். டக். டக்.

ஒரே ஒரு கணினியிலிருந்துதான் மவுஸ் சத்தம் வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் முடித்துவிட்டுப் பான்டெசால் ரொட்டியைக் காபியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

“ஜூன்ரே, மூணு நாளா ஒரு சுவரைப் பூசறியேடா. கொத்தனார்கூட முடிச்சிட்டுப் போயிருப்பான்” என்றான் பக்கத்து இருக்கை போபெட்.

ஜூன்ரே சிரித்தான். கை நிற்கவில்லை. டக். டக்.

பாசிக் நகரில், பரங்காய் எனப்படும் வட்டார மன்றத்து மாடியில் நடக்கும் இலவச வகுப்பு அது. வீட்டுப் பக்கத்துச் சுவர் ஒன்றைப் படம் எடுக்க வேண்டும். அதைக் கணினியில் சுத்தம் செய்து, ஒரு முப்பரிமாணப் பெட்டிமேல் ஒட்டி, பெட்டியை வீடாக்கிக் காட்ட வேண்டும். அடுத்தவர் படத்தைத் தொடக் கூடாது. அது ஒன்றுதான் விதி. நன்றாகச் செய்த இருவர் பெயர் இன்று மாலை ஒரு ஸ்டுடியோவுக்குப் போகும். வேலை நிச்சயம்.

ஹெர்னான் சார் திரை திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். விடிய விடிய ஏதோ கணினி விளையாட்டுக்காகப் பாறைகளுக்குப் பாசி வரைந்துவிட்டு, அப்படியே வகுப்புக்கு வந்திருந்தார். கண் எரிந்தது.

“கிளாரிஸ், நேத்து நீ குடுத்தது நல்லா இருந்துச்சு. எந்தச் சுவர்?”

“எங்க அபார்ட்மென்ட் டவர்ல கார் நிறுத்துற இடம் சார்” என்றாள், லேஸ் காலரைச் சரிசெய்துகொண்டே.

அடுத்தது ஜூன்ரேயின் திரை. சார் குனிந்தார். மறுபடி குனிந்தார்.

சேவல் வால் மாதிரி வளைந்த பச்சைக் கறை. கீழே வரிசையாக மூன்று ஆணி. நேற்று கிளாரிஸ் கொடுத்த சுவரேதான்.

“நீ எடுத்த ஒரிஜினல் இருக்கா? காட்டு, நம்பறேன்.”

ஜூன்ரே ஒரு நொடி கிளாரிஸ் பக்கம் பார்த்தான். அவள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சார்.”

“அப்ப இது யாரோடது?”

“கிளாரிஸோடது. எடுத்துக்கிட்டேன்.”

“டவருக்கே குடி போயிட்டியாடா?” என்றான் போபெட். “இந்தச் செருப்போட லிஃப்ட்ல ஏத்தினாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள், கிளாரிஸைத் தவிர.

“கத்தறதுக்குக்கூட எனக்குத் தெம்பில்லப்பா” என்றார் சார். “பட்டியல்ல இருந்து உன் பேரை எடுத்துடறேன்.”

“சரி சார்.”

“வீட்ல என்ன சொல்லுவே?”

“வேலை கிடைச்ச மாதிரிதான்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். இல்லன்னு சொல்லிக்கறேன் சார்.”

பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

மதியம் எல்லோரும் போன பிறகு சார் கணினிகளுக்கு உறை போட ஆரம்பித்தார். கூரை ஒழுகும் என்பதால் பழைய படுக்கை விரிப்பில் தைத்த உறைகள். மூன்றாவது உறையோடு ஜூன்ரேயின் கணினிக்கு வந்தார். திருட்டு வேலையை அழித்துவிட்டே மூடலாம் என்று கோப்பைத் திறந்தார்.

மற்றவர்களின் கோப்புகளைவிடப் பத்து மடங்கு கனம். கண்ணாடித் தாள்களை அடுக்கியது போல ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினான்கு அடுக்கு.

“எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டு சேவ் பண்ணுன்னு எத்தனை தடவை சொல்றது இவனுக்கு” என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாக அணைத்தார். ஒவ்வொரு தாளிலும் சின்னச் சின்னதாய் ஒட்டுப் போட்டது போலச் சுவர்த் துணுக்குகள். அணைக்க அணைக்கச் சுவருக்கு முன்னால் என்னவோ தெரிய ஆரம்பித்தது.

கடைசியாக மிஞ்சியது அடியில் இருந்த படம். ஒரிஜினல்.

கார் நிறுத்துமிடம் அல்ல. கால்வாய்க்கரைச் சந்து, தகரக் கூரை. சுவரின் மூன்று ஆணியிலும் கட்டிய கொடியில் ஒரு லேஸ் காலர் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே, முழங்கை வரை நுரையோடு, ஊரார் துணி மலைக்கு நடுவில் குந்தியிருந்தாள் கிளாரிஸ்.

மூன்று நாளாக அவன் துடைத்துக்கொண்டிருந்தது அவளைத்தான்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு அணைத்த அடுக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். கிளாரிஸ் மறைந்தாள். வெறும் சுவர். எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சேமித்தார். இனி யாராலும் பிரிக்க முடியாது.

பட்டியலில், கிளாரிஸ் பெயருக்குக் கீழே, ஜூன்ரேயின் பெயரை மறுபடி எழுதினார்.

அடுத்த உறையை எடுத்து உதறினார்.