தக்காளிக்கு முட்டைக்கோது

எவ்லினின் பல்கனித் தக்காளிச் செடி பட்டுப்போய் இரண்டு மாதமாகிறது. ஆனாலும் காலையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி முட்டைக்கோது கேட்பதை அவள் விடவில்லை. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் தனியே இருக்கிறவள், பாவம், வேறு யாரோடுதான் கதைப்பாள்?

"கோதில சுண்ணாம்புச் சத்து, வாழைப்பழத் தோலில மக்னீசியம். ரெண்டும் போட்டாத்தான் காய் கறுக்காது அக்கா" என்று வாசலிலேயே நின்று அளப்பாள். எதிர்வீட்டுக் கண்ணாத்தாளும் கேட்டுச் சிரித்துக்கொண்டே பையை நீட்டுவாள்.

இன்று கதவைத் திறந்தது, பாமன்கடைப் பக்கம் குடியிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்த அவள் மகன் ஸ்ரீநிவாசன்.

"அம்மா வெளிய போயிட்டாங்க ஆன்ட்டி. என்ன வேணும்?"

"தக்காளிக்குக் கொஞ்சம் முட்டைக்கோது, மகன்."

அவன் சிரித்துவிட்டான். "எங்க வீட்டுலயா? முட்டை போட்ட கேக்கையே அம்மா தொடமாட்டாங்களே!"

எவ்லின் தான் இத்தனை நாள் இந்த வாசலில் வாங்கிப்போன கோதுப் பைகளை நினைத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் கண்ணாத்தாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கையை உடம்பில் படாமல் எட்டப் பிடித்திருந்தாள். அதில் ஒரு பை நிறைய உடைந்த கோது.

"பேக்கரியில இன்னைக்கு ரொம்ப நிக்க வச்சுட்டான். நீங்க வந்துட்டுப் போயிருப்பீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள். "செடி எப்படி இருக்கு எவ்லின்?"

எவ்லின் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பூத்திருக்கு அக்கா. நாளைக்கும் வேணும்."