தளபதியின் மூக்கு

தளபதி மொக்ரானின் சிலையை மூடியிருந்த கொடியை மேயர் இழுத்ததும் ஊரே சிரித்தது. மேயர் அல்ஜியர்ஸிலிருந்து போன மாதம்தான் இந்த மலையூருக்கு வந்தவர். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் தளபதியின் மனைவி வர்தியா. அவள் பக்கத்தில் ஒரு நெட்டை மனிதர். சிலையில் இருந்த அதே கழுகு மூக்கு, அதே வெட்டுப்பட்ட புருவம். மேயர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

"அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கான் ஐயா."

"எதைப் பார்த்துச் செஞ்சான்?"

"உங்களைப் பிடிக்கச் சொல்லி பிரெஞ்சுக்காரன் ஒட்டின நோட்டீஸைப் பார்த்துதான். வேற போட்டோ கிடைக்கலை."

"அந்த நோட்டீஸால நாலு தடவை உள்ள போனேன். மூணு பல்லு போச்சு."

மேயருக்குக் கண் கலங்கியது. "நாட்டுக்காகத்தானே ஐயா."

"நாடாவது மண்ணாவது! எல்லாம் அந்த ஆளால."

அவர் கைகாட்டிய பின்வரிசையில் ஒரு குள்ள மனிதர் அத்திப்பழம் மென்றுகொண்டிருந்தார்.

"அவர்தான் உங்க தளபதி, என் தங்கச்சி புருஷன். நான் ரொட்டிக்கடை அக்லி. கள்ள அடையாள அட்டையில ஒட்ட என் கல்யாணப் போட்டோவைத் திருடிட்டுப் போனார். அட்டையை பிரெஞ்சுக்காரன்கிட்ட பறிகொடுத்துட்டு, அவர் பாட்டுக்குச் சண்டைபோட மலையேறிட்டார். அவன் அந்தப் போட்டோவையே நோட்டீஸ்ல போட்டுட்டான்."

மேயர் பின்வரிசைக்கு ஓடினார். "உடனே வேற சிலை செஞ்சிடலாம், தளபதி."

தளபதி பழக்காம்பைத் துப்பினார்.

"எதுக்கு? எனக்கு விழவேண்டிய அடியெல்லாம் மச்சான் தலையிலதான் விழுந்தது. புறா எச்சமும் அங்கேயே விழட்டும்."